சீனக் கம்பெனி முதலீடு பேச வந்தால்: மொய் நோட்டும் கணக்கு நோட்டும்

பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை நார் மில் நடத்துகிறவர்களுக்குச் சீனா புதிதல்ல. இங்கே அடிக்கிற நார் பேல் பேலாகத் தூத்துக்குடி போய்க் கப்பலேறி, அங்கே மெத்தைக்கு உள்ளே போகிறது. விற்பனை பழகிவிட்டது. ஆனால் இத்தனை நாள் சரக்கு வாங்கியவர் ஒருநாள், "சேர்ந்து ஒரு மில் போடுவோம், பணம் நான் போடுகிறேன்" என்று சொன்னால் அது வேறு விஷயம். விற்பனையில் ஏமாந்தால் ஒரு கன்டெய்னர் போகும். முதலீட்டில் ஏமாந்தால் இடமும் போகும், பெயரும் போகும், வழக்கும் வரும்.

சீனக் கம்பெனிகள், குறிப்பாகத் தனியார் கம்பெனிகள், வெளிநாட்டில் பணம் போடும்போது முதலில் பார்ப்பது திட்ட அறிக்கையை அல்ல, யார் சொல்லி வந்தது என்பதைத்தான். அதற்கு அவர்கள் சொல்லும் சொல் குவான்ஷி. இதை "தொடர்பு" என்று மொழிபெயர்த்தால் பாதிதான் பிடிபடும். மொய் விருந்து நடக்கிற ஊர்க்காரர்களுக்கு முழுதாகவே பிடிபடும். அதைப் படிப்பது எப்படி, அதில் எது வரை நம்பலாம், எந்த இடத்தில் காகிதத்தைக் கையில் எடுக்க வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் சொற்கள்

ஆடி, ஆவணியில் பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து வைத்தால் என்ன நடக்கும்? பந்தல் வாசலில் மேஜை, எழுத ஒருவர், எண்ண ஒருவர். "இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார், ஐந்தாயிரம்." வாங்கியவர் அந்த நோட்டை வீட்டில் பத்திரமாக வைக்கிறார். எழுதியவர் வீட்டில் விருந்து வரும்போது வாங்கியதோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பி எழுதுகிறார். சரிக்குச் சரி எழுதினால் "கணக்கை முடித்துக்கொள்கிறார்" என்று அர்த்தம். சீனாவிலும் கல்யாண வீட்டில் வந்த பணத்தைப் பெயர் வாரியாக எழுதி வைக்கும் நோட்டு உண்டு. அந்தக் கொடுக்கல் வாங்கல் கடமைக்கு ரென்ச்சிங் என்று பெயர். நம் "செய்முறை" அதற்கு மிகக் கிட்ட வரும் சொல். மியென்ட்ஸி என்றால் முகம். நாம் முகதாட்சண்யம் என்கிறோமே, அதன் இன்னொரு பக்கம். தோங்ஷியாங் என்றால் ஒரே ஊர்க்காரர், தோங்ஷுவே என்றால் கூடப் படித்தவர், ஜான்யோ என்றால் ராணுவத்தில் கூட இருந்தவர். நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைப்பவர் ஜோங்ஜியென்ரென்.

இந்த ஆறு சொல்லும் தெரிந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ஏன் ஆளைப் பார்த்துப் போகிறார்கள்

தெரியாத நாட்டில் இடம் எது, வேலையாள் எப்படி, எந்த ஆபீசில் காகிதம் நிற்கும் என்பதெல்லாம் அறிக்கையில் கிடைக்காது. அங்கே ஏற்கெனவே இருக்கும் ஊர்க்காரரிடம்தான் கிடைக்கும். இது முதல் காரணம். இரண்டாவது கடன். சீனாவின் பெரிய வங்கிகள் அரசு வங்கிகள். சிறு தனியார் கம்பெனிக்கு அங்கே கடன் கிடைப்பது சிரமம் என்பதால், உறவினர், நண்பர் வட்டத்தில் திரட்டுகிறார்கள். மூன்றாவது, ஒப்பந்தம் மீறினால் வெளிநாட்டுக் கோர்ட்டுக்கு அலைவதைவிட, மீறியவன் ஊரில் தலைகாட்ட முடியாமல் செய்வது சீக்கிரம் நடக்கும் என்ற நம்பிக்கை.

இதனால்தான் முதலீடு ஊர் ஊராகப் போகிறது. ஜெஜியாங் மாகாணத்தின் வென்ஜோ நகரத்தார் இத்தாலியின் பிராட்டோ ஊரில் ஒருவர் பின் ஒருவராகப் போய்த் துணித் தொழிலில் நிலைத்தார்கள். ஃபூஜியென் மாகாணத்தார் மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் போனார்கள். சாவ்ஜோ வட்டாரத்தாருக்குத் தாய்லாந்து. தாய்லாந்தின் பெரிய குழுமமான சி.பி.யை நிறுவிய குடும்பம் அந்த வட்டாரத்திலிருந்து போனதுதான். ஷாங்காயின் அரசு கார் கம்பெனியான சாய்க், தாய்லாந்தில் எம்.ஜி. கார் தயாரிக்கப் போனபோது கூட்டுச் சேர்ந்தது அந்த சி.பி.யோடுதான். அரசுக் கம்பெனியானாலும் போன நாட்டில் கைகொடுக்க ஒரு குடும்பம் தேவைப்படுகிறது.

ஃபூஜியெனின் சுவான்ஜோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. நாகப்பட்டினத்திலும் 1867-இல் இடிக்கப்படும் வரை சீனக் கோபுரம் என்று சொல்லப்பட்ட ஒரு செங்கல் கோபுரம் நின்றது. ஆளை அறிந்து கடல் தாண்டுவது இரண்டு கரைக்கும் பழைய பழக்கம்.

படி 1: ஒரு தாளில் உறவு வரைபடம்

பேச்சு தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு முழுத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கம்பெனியின் பெயர். சுற்றிலும், உங்களைச் சந்தித்தவர், அவரை அனுப்பியவர், மொழிபெயர்ப்பவர், பணம் போடுபவர், அறிமுகம் செய்த தரகர். யாருக்கு யார் தொடர்போ அவர்களுக்கு இடையே ஒரு கோடு. ஒவ்வொரு பெயருக்கும் கீழே நான்கு விவரம்: சொந்த ஊர், முன்பு வேலை செய்த இடம், நடுவில் இருப்பவரோடு என்ன உறவு, எத்தனை வருடமாக.

இதைக் குறுக்கு விசாரணை மாதிரிக் கேட்க வேண்டாம். "உங்கள் சொந்த ஊர் எது?" என்பது சீனாவில் முதல் சந்திப்பில் கேட்கும் சாதாரணக் கேள்வி. நம்மூரில் "எந்த ஊரு, யார் வீடு?" என்று கேட்பதில்லையா, அது போல. சாப்பாட்டு வேளையில் கேளுங்கள், மகிழ்ந்து சொல்வார்கள்.

எல்லாக் கோடும் ஒரே ஆளில் போய் முடிந்தால், அந்த ஆள்தான் முதலீடு; கம்பெனி வெறும் பெயர். அவர் விலகினால் எல்லாம் நிற்கும். கோடுகளில் ஒன்றாவது உங்களுக்குத் தெரிந்த, வியாபாரம் செய்து பார்த்த ஓர் ஆளில் முடியாவிட்டால் இன்னும் பேசும் கட்டம் வரவில்லை. டெல்டாக்காரர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், நாகூர் குடும்பங்களுக்கு மலேசியா, சிங்கப்பூரில் தலைமுறைக் கடைகள் உண்டு. அவர்களுக்கு அங்குள்ள சீன வியாபாரிகள் பழக்கம். அப்படி ஒருவர் மூலம் விசாரித்தால், எந்த ரிப்போர்ட்டிலும் வராத பதில் இரண்டு நாளில் வரும்.

படி 2: அறிமுகம் செய்தவரை முதலில் பாருங்கள்

பலர் கம்பெனியைத் துருவிவிட்டுத் தரகரை விட்டுவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். உண்மையான ஜோங்ஜியென்ரென் தன் முகத்தைப் பணயம் வைக்கிறார். தகராறு வந்தால் நடுவில் வந்து உட்காருவார். கமிஷன் மட்டும் வாங்குகிறவர் கையெழுத்தான மறுநாள் போனை எடுக்க மாட்டார்.

மூன்று கேள்வி போதும். இந்தக் கம்பெனியை இதற்கு முன் யாரோடு சேர்த்து வைத்தீர்கள், அவரிடம் நான் பேசலாமா? இரண்டு பக்கமும் உங்களுக்கு என்ன தருகிறார்கள்? சிக்கல் வந்தால் நேரில் வருவீர்களா? முதல் கேள்விக்கு எண் தராதவரை அங்கேயே நிறுத்தலாம். இரண்டாவதை எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை சதவீதம், எந்த மாதம், யார் தருவது. எழுதாமல் விட்டால், அந்த கமிஷன் பின்னால் இயந்திரத்தின் விலையில் ஏறி உங்கள் தலையில்தான் விழும்.

படி 3: காகிதம்

முகம் திருப்தி என்றால் இனி கணக்கு நோட்டு. சீனாவில் பதிவான கம்பெனிப் பெயர் சீன எழுத்தில் உள்ளது மட்டுமே. விசிட்டிங் கார்டில் இருக்கும் ஆங்கிலப் பெயருக்கு அங்கே சட்ட மதிப்பு இல்லை. ஆகவே வணிக உரிமத்தின் தெளிவான நகலைக் கேளுங்கள். அதில் 18 இலக்க ஒருங்கிணைந்த கடன்நிலைக் குறியீடு, சட்டப் பிரதிநிதியின் பெயர், தொழில் வரம்பு, பதிவு மூலதனம் இருக்கும்.

பதிவு மூலதனம் பெரிய எண்ணாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது கட்டுவதாகச் சொன்ன தொகை. கட்டிய தொகை அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய கம்பெனிச் சட்டம், பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனிகள் அதை ஐந்து ஆண்டுக்குள் கட்ட வேண்டும் என்கிறது. எவ்வளவு கட்டியாகிவிட்டது என்று தனியாகக் கேளுங்கள்.

உங்களிடம் வந்து பேசுகிறவரும் சட்டப் பிரதிநிதியும் வேறு ஆள் என்றால், அதிகாரக் கடிதம் வேண்டும். அதில் கம்பெனியின் சிவப்பு வட்ட முத்திரை இருக்க வேண்டும். அங்கே கையெழுத்தைவிட முத்திரைக்கு எடை அதிகம். முத்திரை இல்லாமல் முதலாளியின் மைத்துனரே கையெழுத்துப் போட்டாலும், நாளைக்கு "அது அவர் சொந்தக் கையெழுத்து" என்று சொல்லிவிட முடியும்.

கடனைத் தீர்க்காத ஆட்களின் பட்டியலைச் சீன உச்ச மக்கள் நீதிமன்றம் பொதுவில் வெளியிடுகிறது. அதில் பெயர் ஏறியவர் அங்கே விமானத்திலோ அதிவேக ரயிலிலோ டிக்கெட் எடுக்க முடியாது. சட்டப் பிரதிநிதியின் பெயரைச் சீன எழுத்தில் வைத்து இந்தப் பட்டியலில் தேட வேண்டும். இங்கிருந்து அந்தத் தளங்கள் சில நேரம் திறப்பதில்லை, மொழியும் தெரியாது. அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் காசு கொடுத்துச் செய்வதே சரி. ஏற்றுமதிப் பணம் வராமல் போனால் ஈடு தரும் அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் பாலிசி வைத்திருப்பவர்கள், அதே கம்பெனிக்கு எவ்வளவு கடன் வரம்பு தருகிறார்கள் என்று கேட்டாலே ஒரு மதிப்பு கிடைக்கும்.

இன்னொன்றை யாரும் கேட்பதில்லை. இந்தக் கம்பெனி வேறு யாருக்காவது ஜாமீன் நிற்கிறதா? ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்டுக் கடன் வாங்குவது அங்கே வழக்கம். 2011-இல் வென்ஜோவில் தனியார் கடன் நெருக்கடி வந்தபோது ஒரு முதலாளி ஊரைவிட்டு ஓடினால், ஜாமீன் போட்ட நல்ல கம்பெனியும் சேர்ந்து விழுந்தது. தூக்கிவிட்ட வலையே இழுத்துக்கொண்டு போயிற்று. உங்கள் கூட்டாளியின் மில் நன்றாக ஓடியும், அவர் கூடப் படித்தவரின் கடனால் உங்கள் பணம் நிற்கலாம்.

படி 4: பணம் எந்த வழியில் வருகிறது

அவசரப்படாமல் படிக்க வேண்டிய பகுதி இது. பெரிய தவறுகள் எல்லாம் நடக்கிற இடம்.

சீனப் பக்கம் ஒரு கம்பெனி வெளிநாட்டில் முதலீடு செய்ய மூன்று கதவு: தேசிய வளர்ச்சி சீர்திருத்த ஆணையம் அல்லது அதன் மாகாண அலுவலகம், வணிகத் துறை, பிறகு வங்கி வழியாக அந்நியச் செலாவணிப் பதிவு. 2018 மார்ச்சில் நடப்புக்கு வந்த விதிப்படி, பிரச்சினைக்குரிய நாடோ தொழிலோ இல்லாமல் 30 கோடி டாலருக்குக் கீழான உள்ளூர்க் கம்பெனியின் முதலீடு மாகாண அளவில் பதிவு செய்தால் போதும். பதிவுச் சான்றின் நகலைக் கேளுங்கள். முறையாகப் பணம் எடுத்து வருகிறவரிடம் அது இருக்கும்.

இல்லாதவர் என்ன செய்கிறார்? சீனக் குடிமகன் ஒருவர் ஆண்டுக்கு 50,000 டாலர் வரை மாற்றலாம். ஆனால் அதை வெளிநாட்டு முதலீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. உறவினர், வேலையாள், நண்பர் என்று இருபது பேரின் வரம்பைச் சேர்த்து இருபது துண்டாகப் பணம் அனுப்புகிறார்கள். எறும்பு வீடு மாற்றுவது என்று அங்கே அதற்குப் பெயர். குவான்ஷியின் மிக ஆபத்தான முகம் இதுதான். தெரியாத பல பெயர்களிலிருந்து, 50,000 டாலருக்குச் சற்றுக் கீழான தொகைகளாக உங்கள் கணக்குக்குப் பணம் வந்தால், அதைத் தொடாமல் அன்றே வங்கியில் எழுதிக் கொடுங்கள். கம்பெனிக் கணக்கிலிருந்து, ஒப்பந்தத்தில் உள்ள அதே பெயரில் வந்தால் மட்டுமே அது முதலீடு.

நம் பக்கம்: 2020 ஏப்ரல் 17-இல் வந்த பிரஸ் நோட் 3 என்ற மத்திய அரசு அறிவிப்பின்படி, சீனா போல இந்தியாவோடு நிலஎல்லை பகிரும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். பணத்தின் உண்மையான உரிமையாளர் அந்த நாட்டுக்காரர் என்றால் சிங்கப்பூர் வழியாகச் சுற்றி வந்தாலும் இந்தக் கண்ணில் படும். விதி அவ்வப்போது திருத்தப்படுவதால், கையெழுத்துக்கு முன் ஆடிட்டரிடம் அன்றைய நிலையை எழுத்தில் வாங்குங்கள். 2022 ஜூன் முதல், அந்த நாட்டுக் குடிமகனை டைரக்டராக்க உள்துறையின் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். அனுமதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்று கூட்டாளியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் நீங்கள்தான் இழுத்தடிக்கிறீர்கள் என்று நினைப்பார்.

அனுமதி கிடைத்துப் பணம் வந்தபின், 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்.சி.-ஜி.பி.ஆர். என்ற படிவம் போட வேண்டும். மீறினால் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம்.

நிலத்தில்தான் ஊர்ப்பாசம் கண்ணை மறைக்கும். சீனக் குடிமகன் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியில்லாமல் இங்கே இடம் வாங்க முடியாது. ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் விலக்கு. விவசாய நிலம் வெளிநாட்டவருக்கு இல்லவே இல்லை. "உங்கள் பெயரில் வாங்குங்கள், காசு நான் தருகிறேன், நமக்குள் என்ன?" என்று ஒருவர் சொல்வார். அவர் பாசத்தோடுதான் சொல்கிறார். அவர் ஊரில் அப்படித்தான் நடக்கும். இங்கே அதற்குப் பெயர் பினாமி. 2016-இல் திருத்திய சட்டப்படி ஏழாண்டு வரை சிறை, சொத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம், சொத்தும் பறிமுதல். வேலைக்காரர் பெயரில் டைரக்டர் பதவி, கணக்கப்பிள்ளை பெயரில் பங்கு என்பதெல்லாம் இதே குழியில் விழுகிற வழிதான்.

தொழில் எது என்பதையும் பாருங்கள். 2020-இன் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் தோல் பதனிடுதல், துத்தநாக, தாமிர உருக்காலை, எண்ணெய் எரிவாயு ஆய்வு போன்றவற்றைப் புதிதாகத் தொடங்கத் தடுக்கிறது. தென்னை நார் அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. பவர் டில்லர் பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கலாம் என்று வருகிறவரிடம், 2020 ஜூலை முதல் பவர் டில்லர், அதன் பாகங்களின் இறக்குமதி கட்டுப்பாட்டில் உள்ளது என்று சொல்லிவிடுங்கள்.

படி 5: சிறிதாக ஓட்டிப் பாருங்கள்

அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களை வீணாக்க வேண்டாம். ஒரு நாற்பதடி கன்டெய்னர் நாரை, புதுக் கூட்டாளி பெயரில், எல்.சி., அதாவது வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடிதம், போட்டு அனுப்புங்கள். ஈரப்பதம் இத்தனை சதவீதம், தூசி இத்தனை, பேல் எடை இத்தனை என்று எண்ணில் எழுதுங்கள். "நல்ல சரக்கு" என்று எழுதினால் துறைமுகத்தில் விலை குறைக்கக் கேட்பார்கள். எப்படிக் கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்: போட்டோவும் எடைச்சீட்டும் அனுப்பிக் கேட்பவரோடு மில் போடலாம், கப்பல் சேர்ந்தபின் காரணமில்லாமல் பத்து சதவீதம் பிடிப்பவரோடு வேண்டாம்.

வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் வந்தால், பழைய எண்ணுக்குப் போன் செய்து குரல் கேட்டு உறுதி செய்யாமல் எதுவும் அனுப்பக் கூடாது.

படி 6: பழக்கம்

சீனர்களின் பேச்சுச் செயலியான வீசாட் 2020 ஜூன் 29 முதல் இங்கே தடையில் உள்ளது. அவர்களுடைய பேச்செல்லாம் அதில்தான். ஆகவே தினசரிப் பேச்சு நம் பக்கம் அறுந்துவிடுகிறது. மெயிலில் ஈடுகட்ட முடியாது. வருடத்துக்கு இரண்டு முறையாவது நேரில் பார்க்க வேண்டும். ஏப்ரல், அக்டோபரில் நடக்கும் குவாங்ஜோ வணிகக் கண்காட்சியை ஒட்டிப் போவது வசதி. திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போய் மாறலாம்.

விருந்தில் கதவைப் பார்த்த நாற்காலி வீட்டுக்காரருடையது. மது வேண்டாம் என்றால் முதல் சுற்றிலேயே, தேநீர்க் கோப்பையைத் தூக்கி, மதுவுக்குப் பதில் தேநீர் என்று சொன்னால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். இரண்டாம் சுற்றில் மறுத்தால்தான் முகம் வாடும். சைவம் என்றால் முந்தின நாளே சொல்லுங்கள். பரிசுக்குத் தலையாட்டி பொம்மை, நாச்சியார்கோவில் சின்னக் குத்துவிளக்கு நல்லது, சிவப்புத் தாளில் சுற்றி, இரண்டு கையாலும். கடிகாரம், குடை கூடாது. அந்தச் சொற்களின் ஒலி அவர்களுக்குச் சாவையும் பிரிவையும் நினைவூட்டும். எண்ணிக்கை நான்கு வேண்டாம். அரசுக் கம்பெனி ஆளென்றால் விலை உயர்ந்த எதையும் தராதீர்கள். 2012 இறுதியிலிருந்து அங்கே கெடுபிடி அதிகம், உங்கள் பரிசே அவர் வேலைக்கு உலை வைக்கும்.

"யென்ஜியு யென்ஜியு", அதாவது ஆராய்ந்து பார்க்கிறோம் என்று இரண்டு முறை வந்தால், நம்மூர் "பாக்கலாம் சார்" போலத்தான். வற்புறுத்தாமல், நடுவில் உள்ளவரிடம் தனியாகக் கேளுங்கள். உண்மைக் காரணம் அவர் வழியாக வரும். முகத்துக்கு நேரே, பத்துப் பேர் நடுவில் தவறைச் சுட்டினால் அந்த உறவு முடிந்தது.

சீனப் புத்தாண்டையொட்டி மூன்று வாரம் பணம் நகராது. அதற்கு முந்திய வாரங்களில் பழைய பாக்கிகளைத் தீர்ப்பது வழக்கம்; வர வேண்டியதை அப்போதே கேட்டு வாங்குங்கள்.

படி 7: ஒப்பந்தம்

தகராறு வந்தால் கோர்ட் என்று எழுதாதீர்கள். இந்தியக் கோர்ட் தீர்ப்பைச் சீனாவிலோ, அங்குள்ளதை இங்கோ நேரடியாக நிறைவேற்ற வழியில்லை. நடுவர் தீர்ப்புக்கு வழி உண்டு: வெளிநாட்டு நடுவர் தீர்ப்பை ஏற்று நிறைவேற்றுவதற்கான நியூயார்க் உடன்படிக்கையில் இரண்டு நாடும் இருக்கின்றன, 2012-இல் இந்தியா சீனாவை அதற்கு அறிவித்தும் இருக்கிறது. சிங்கப்பூரில் நடுவர் மன்றம் என்று எழுதினால் இருவருக்கும் சம தூரம். இரண்டு மொழியில் எழுதி, முரண்பட்டால் எது செல்லும் என்பதையும் எழுதுங்கள். பணத்துக்குப் பதில் இயந்திரம் பங்காக வந்தால், விலையை மூன்றாம் ஆள் மதிப்பிட வேண்டும். ஊர்க்காரர் தொழிற்சாலையிலிருந்து அவர் வாங்கும் இயந்திரத்துக்கு அவர் சொல்லும் விலையே விலை என்று ஏற்றுக்கொண்டால், உங்கள் பங்கு தொடங்கும்போதே குறைந்துவிடும்.

ஆள் மாறும்போது

குவான்ஷி ஆளோடு ஒட்டியது, கம்பெனியோடு அல்ல. மூன்று வருடம் பேசிப் பழகிய மேனேஜர் வேறு வேலைக்குப் போனால், வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்ட அத்தனையும் அவரோடு போகும். முதலாளி, கணக்குப் பார்ப்பவர், தொழில்நுட்பம் பார்ப்பவர் என்று குறைந்தது மூன்று பேரோடு தனித்தனிப் பழக்கம் வையுங்கள். மொழிபெயர்ப்பாளரை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வாயால் ஒப்புக்கொண்டதை அன்று மாலையே, "இன்று நாம் பேசியது" என்று நான்கு வரி மெயிலாக அனுப்புங்கள்.

போகிறவர் போவது தெரிந்ததும், புதியவரை அவர் கையால் அறிமுகம் செய்யச் சொல்லுங்கள், ஒரு சாப்பாட்டில், மூவரும் இருக்க. செலவு உங்களுடையதாக இருக்கட்டும். போகிறவரை விட்டுவிடாதீர்கள், புத்தாண்டு வாழ்த்து தொடரட்டும், நாளை அவர் இன்னொரு கம்பெனியில் முடிவெடுக்கிற இடத்தில் இருப்பார். அன்றிரவே பழைய தாளை எடுத்து, புதியவரின் பெயர், ஊர், முன்பு வேலை செய்த இடம், முதலாளியோடு என்ன உறவு என்பதை எழுதிக் கோடு போடுங்கள்.